ஆரத்தித் தட்டும் எஸ்.பி.எம். வேதியியலும்

எஸ்.பி.எம். என்பது மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. அதற்கான வேதியியலில், படிவம் 4-இல் அமிலம், காரம், உப்பு பாடம் வந்தபோது அதை மனப்பாடப் பாடம் என்றுதான் நினைத்தேன். தமிழ்ப்பள்ளியில் பூஞ்சுத்தாள் (லிட்மஸ் தாள்) என்று படித்ததை இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிக்கிறோம்; சொற்களை மாற்றிக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

முன்னோட்டத் தேர்வில் ஒரு கேள்வி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், எத்தனோயிக் அமிலம், இரண்டும் லிட்டருக்கு 0.1 மோல். பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) ஏன் வேறுபடுகிறது? முன்னது 'பெகாட்' (செறிவானது) என்று எழுதினேன். மதிப்பெண் இல்லை. செறிவு ஒன்றுதான் என்று கேள்வியிலேயே இருக்கிறதே!

'பெகாட்' கோப்பிக்கடையில் நாம் கேட்கும் அதே சொல்தான். தண்ணீரில் தூள் எவ்வளவு என்பது அது. 'குவாட்' (வலிமையானது) வேறு: கரைந்த அமிலத்தில் எத்தனை பங்கு பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது என்பது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் பிரிந்துவிடும், பிஎச் 1. வினிகரில் இருக்கும் எத்தனோயிக் அமிலத்தில், இந்தச் செறிவில், நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்றோ இரண்டோதான் பிரியும். பிஎச் ஏறக்குறைய 2.9. பிஎச் ஒரு படி ஏறினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு குறையும். ஆக, இந்த இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 80 மடங்கு வித்தியாசம். இப்படி அயனிகளாகப் பிரிவதைக் குறிக்கும் 'அயனியாதல்' என்ற சொல் விடையில் கட்டாயம் வர வேண்டும்.

டைட்ரேஷன் (காரத்தை நடுநிலையாக்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்று அளப்பது) எனக்குப் புரிந்தது பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு அடுப்படியில். அண்ணன் கல்யாணத்துக்கு அம்மா ஆரத்தி கரைத்தார். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவந்தது. சிறு வயதிலிருந்து பார்க்கிறேன், அன்றுதான் யோசித்தேன்: சுண்ணாம்பு காரம், மஞ்சள் நிறங்காட்டி. மீந்த ஆரத்தியை ஒரு கிளாஸில் ஊற்றி, எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினேன். சிவப்பு மங்கி, ஒரு கட்டத்தில் மஞ்சள் திரும்பிவிட்டது. சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் நாம் செய்வதும் இதுதான். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். நியோன்யா பலகாரத்துக்கு நீலம் தரும் சங்குப்பூவும் கிடைத்தால் இன்னும் நல்லது: லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சையைப் பிழிந்தால் ஊதா, சலவைத்தூள் கரைசலில் பச்சை.

டைட்ரேஷன் கேள்விக்கு விடை எழுதும்போது முன்பிருந்த நிறம், மாறிய நிறம் இரண்டையும் எழுதுங்கள். காரத்தில் பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சேர்த்து அமிலம் விட்டால் 'இளஞ்சிவப்பிலிருந்து நிறமற்றதாக'. 'தெளிவாக' என்று எழுதாதீர்கள். இளஞ்சிவப்புக் கரைசலும் தெளிவாகத்தான் இருக்கும்.

ஒன்று விட்டுப்போச்சு: நீரில்லாத எத்தனோயிக் அமிலத்தில் உலர்ந்த நீலப் பூஞ்சுத்தாள் நிறம் மாறாது. நீர் இருந்தால்தான் அமிலம் பிரியும்.

அப்புறம் ரப்பர் பால். அது படிவம் 5-இல் வரும், ஆனாலும் இப்போதே சேர்த்துப் படித்துவிடலாம். கெடா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம், பாலில் ஏன் அமோனியா ஊற்றுவார்கள் என்று கேட்டேன்.

"ஊத்தலன்னா ஸ்டோருக்குப் போறதுக்குள்ள பால் திரிஞ்சிடும்யா."

பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள், ரப்பர் துகளைச் சுற்றியுள்ள புரதச் சவ்வின் எதிர்மின்னூட்டத்தை நடுநிலையாக்கிவிடும். துகள்கள் மோதும், சவ்வு கிழியும், பால் கட்டியாகும். அமோனியாவின் ஹைட்ராக்சைடு அயனிகள் அந்த அமிலத்தை முன்கூட்டியே நடுநிலையாக்கிவிடும். பாட்டி சொன்ன அந்த ஒரு வரியோடு அயனிகளைச் சேர்த்துத்தான் தேர்வில் எழுதினேன்.