கொம்பு இல்ல, பல்லு

"தாத்தா, இது நெஜமாவே யூனிகார்ன் கொம்பா?"

கண்ணாடிப் பொட்டியில மூக்கை ஒட்ட வச்சுக்கிட்டு ஒரு குட்டிப் பொண்ணு கேட்டா. ரெண்டே ரூம் உள்ள மியூசியம், அந்த நேரத்துக்கு நாங்க மொத்தமே அஞ்சு பேருதான்.

பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவ பக்கத்துல உக்காந்துட்டாரு.

"கொம்பு இல்லடா கண்ணு, பல்லு. பனிக்கடல்ல நார்வால்னு ஒரு திமிங்கலம் இருக்கு, அதோட எடது பக்கப் பல்லு மேலுதட்டைத் தொளைச்சிக்கிட்டு வெளிய வளந்துரும்."

நானும் குனிஞ்சு பாத்தேன். முறுக்குன கயிறு மாதிரி புரி புரியா இருக்கு, பள்ளத்துல எல்லாம் பழுப்பு படிஞ்சிருக்கு, நுனி மட்டும் தேச்சு விட்ட மாதிரி வழவழன்னு வெள்ளையா.

கதையில வர்ற ஒத்தைக் கொம்புக் குதிரை, அந்த யூனிகார்னோட கொம்புதான் இது, விஷத்தை முறிக்கும்னு நம்பி ஐரோப்பிய ராஜாக்கள் இதைக் கொட்டிக் கொடுத்து வாங்கியிருக்காங்க. 1638ல ஓலே வோர்ம்னு ஒரு டென்மார்க் டாக்டர்தான் இது யூனிகார்ன் இல்ல, நார்வால்னு காட்டினாரு. அவரும் கோபன்ஹேகன்ல இப்படித்தான் விசித்திரமான பொருளா சேத்து வச்சிருந்தவரு.

பெரிய மியூசியத்துல நான் கூட்டத்தோட நடந்துதான் பழக்கம், எதுவும் மனசுல நிக்காது. இங்க ஒரு பல்லு முன்னாடி இருபது நிமிஷம் நின்னிருக்கேன், ஏன்னா ஒரு மனுஷன் ஒரு குழந்தையோட கேள்விக்காக உக்காந்தாரு.

கெளம்பும்போது வாசல்ல விசிட்டர்ஸ் நோட்டைத் தொறந்தேன். கடைசி வரி அவளோடது, கோணல் எழுத்துல.

"நார்வாலுக்கு பல்லு வலிக்கக் கூடாது."