தலைக்காய் யாருக்கு?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று தட்டு நிலம். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பருவத்துக்குப் பூண்டு. கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் பிறந்து வளர்ந்த என் மகனுக்குப் பத்து வயதுவரை பீன்ஸ் என்றால் மூட்டைதான். மழையில் நனையாமல் மூட வேண்டியது, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வண்டி ஏற்ற வேண்டியது. தட்டில் வைத்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவான். சுற்றுலா வருகிறவர்களை நம்பி நடக்கும் கடைகளில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டின் நிறம் மட்டும் அவனுக்கு மனப்பாடம்.

சென்ற ஆண்டு என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. என் மனைவி இரண்டு மாதம் வத்தலக்குண்டில் தங்க வேண்டியதாயிற்று. வீட்டில் நான், பதினைந்து வயது மகள், அவன். மகளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு மகனை விளையாட விடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருவரும் கற்றுக்கொள்ளட்டும் என்றேன்.

முதல் வாரமே பருப்பு தோற்கடித்தது. குக்கரின் கேஸ்கட் போய்விட்டதால் மகள் சட்டியில் துவரம்பருப்பைப் போட்டாள். ஒரு மணி நேரம் ஆகியும் நறுக்கென்றே இருந்தது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் சூடேற மூடிய குக்கர் வேண்டும். அவள் பாடத்தில் படித்ததுதான். ஆனால் பசியோடு நின்ற அன்றுதான் அது அவளுக்கு உறைத்தது.

மகனுக்கு பீன்ஸ் கொடுத்தேன். நார் உரித்து, விரலால் ஒடிக்கச் சொன்னேன். பிஞ்சு "டக்" என்று ஒடியும், முற்றல் வளையும். அந்தச் சத்தம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஒடித்தபடியே ஒன்றைப் பச்சையாகக் கடித்தான். "இனிப்பாக இருக்கிறதே அப்பா" என்றான். கடுகு, உளுத்தம்பருப்பு தாளிக்கையில் பயந்து பின்வாங்கினான், மறுபடி வந்தான். உப்பு கூடிப்போயிற்று. அக்கா முகம் சுளித்தாள். அவன் சட்டியை வழித்துச் சாப்பிட்டான்.

இது என் மகனின் கதை மட்டுமல்ல. 2014-இல் சுவிட்சர்லாந்தில் 6 முதல் 10 வயதுவரையான 47 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. பெற்றோருடன் சேர்ந்து சமைத்த குழந்தைகள், பெற்றோர் மட்டும் சமைத்துப் பரிமாறிய குழந்தைகளைவிட முக்கால் பங்குக்கும் மேல் கூடுதலாகக் காய்கறி சாலட் சாப்பிட்டார்களாம். கோழிக்கறியும் கூடுதலாகத்தான் சாப்பிட்டார்கள். மொத்தச் சாப்பாட்டின் அளவே கூடியது. ஆகவே, சமைக்கக் கற்றால் பிள்ளைகள் மெலிந்துவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தட்டில் ஒதுக்குவது குறையும், அதுவே எனக்குப் பெரிது.

மகள் நூடுல்ஸை விட்டுவிடவில்லை. விடச் சொல்லவும் இல்லை. தானே சமைக்க ஆரம்பித்த பிறகு, பாக்கெட்டில் வரும் மசாலாவை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இப்போது அதில் பாதிதான் போடுகிறாள். மீதிக்கு மிளகும், அடுப்புக்கு மேல் புகையில் கட்டித் தொங்கவிட்ட எங்கள் மலைப்பூண்டும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. ஊர்ப் பெருமையைப் பலகையில் பார்த்த பிள்ளை, அதன் காரத்தை வாணலியில்தான் அறிந்தாள். கேரட்டும் பீன்ஸும் நூடுல்ஸுக்குச் சமமாக விழுகின்றன.

ஒரு நாள் மகன் கேட்டான்: "நாம் ஏன் எப்போதும் வளைந்த காயையே சமைக்கிறோம்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் அப்பா காலத்திலிருந்தே முதல் தரமான தலைக்காய் சந்தைக்கு, வளைந்ததும் முற்றியதும் வீட்டுக்கு. கழித்துப் போட்டதைத் தின்னக் கொடுத்துவிட்டு, காய்கறி பிடிக்கவில்லையா என்று பிள்ளையை அதட்டியிருக்கிறேன். பல இரவு இதை நினைத்து வருந்தினேன்.

என் மனைவி திரும்பி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைப் பொரியல் இன்னும் அவனுடையதுதான். நேற்று மாலை மூட்டையின் வாயைத் தைக்கக் கோணி ஊசியை எடுத்தேன். "கொஞ்சம் இருங்கள் அப்பா" என்று ஓடி வந்தான். மேலாக இருந்த பிஞ்சுகளில் ஒன்றை ஒடித்துச் சத்தம் கேட்டான். பிறகு சட்டையை ஏந்தி, இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனான்.