சீட்டில் விழுந்த வேலை

திரைப்படத் தயாரிப்புப் பட்டப்படிப்பின் முதல் பருவத்தில், குறும்படப் பயிற்சிக்கான பொறுப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார் எங்கள் ஆசிரியர். எனக்கு விழுந்தது ஒலிப்பதிவு. கேமராவைத் தொடுவதற்காகவே அந்தப் படிப்பில் சேர்ந்தவள் நான். மைக்கை நுனியில் மாட்டிப் பிடிக்கும் நீண்ட பூம் கோலைக் கையில் வாங்கியபோது அழுகை முட்டியது. இப்போது 11 ஆண்டுகளாக ஒலித்தொகுப்புதான் என் தொழில்.

தாயும் மகளும் சமையலறையில் பேசிக்கொள்ளும் ஒரே காட்சிதான் அந்தப் படம். வசனம் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது, எனக்கும் நிறைவாக இருந்தது. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. தாயின் ஷாட்டில் ஃப்ரிட்ஜ் இரைந்தது. மகளின் ஷாட்டில் அதன் மோட்டார் ஓய்ந்திருந்தது. வெட்டுக்கு வெட்டு அந்த இரைச்சல் எழுவதும் அறுபடுவதுமாக இருந்தது. இருவரும் வெவ்வேறு வீடுகளில் நின்று பேசுவதுபோல் ஆகிவிட்டது. அத்தனை நன்றாக நடித்தவர்களை நான் கெடுத்துவிட்டேன் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. “அறையின் மௌனத்தைப் பதிவு செய்தாயா?” என்று மட்டும் கேட்டார். அப்படி ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது. ஆம்பியன்ஸ் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல், பேசாமல் நிற்க, அதே மைக்கில் 30 வினாடியாவது அறையின் வெறும் ஒலியைப் பதிந்துகொள்ள வேண்டும். வசனங்களுக்கு இடையில் விழும் ஓட்டைகளை அதைக் கொண்டுதான் அடைக்க முடியும். ஓர் அறையின் மௌனம் இன்னோர் அறைக்குப் பொருந்தாது. உள்ளே நிற்கும் ஆட்கள் வெளியேறிவிட்டால் அதே அறையின் மௌனமும் மாறிவிடும். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடு என்றும் சொல்லிக்கொடுத்தார். சாவியை எடுக்கப் போகும்போது ஃப்ரிட்ஜை மறக்காமல் திரும்ப ஓடவிட்டுவிடுவோம். ஒலிப்பதிவாளர்களிடையே வழிவழியாக வரும் உபாயம் அது.

இரண்டாம் ஆண்டில் லெவ் குலெஷோவைப் பற்றிய பாடம் வந்தது. மாஸ்கோவில் 1919இல் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் கற்பித்தவர். படச்சுருள் தட்டுப்பாட்டால் அவருடைய மாணவர்கள் சுருளே இல்லாமல் காட்சிகளை நடித்துப் பழகினார்கள். சலனமற்ற ஒரே முகத்தை, சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினால், பார்ப்பவர்கள் அதில் பசியையும் துயரத்தையும் கண்டுவிடுகிறார்கள் என்பது அவர் பெயரால் வழங்கும் சோதனை. எங்கள் ஆசிரியர் இதையே ஒலிக்குக் கொண்டுவந்தார். கதவருகே நிற்கும் ஒரு பெண்ணின் ஊமை ஷாட்டைத் தந்து, ஆளுக்கொரு ஒலி சேர்க்கச் சொன்னார். ஒருவன் தொலைவில் ஆம்புலன்ஸைச் சேர்த்தான். அவள் கெட்ட செய்திக்குக் காத்திருந்தாள். நான் குழந்தைகள் விளையாடும் சத்தத்தைச் சேர்த்தேன். பார்த்துக்கொண்டிருந்த தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேமரா கிடைக்காத வருத்தம் அன்றோடு போயிற்று.

இருந்தும் எங்கள் பாடத்திட்டத்தில் ஒளிப்பதிவுக்குக் கிடைத்த நேரத்தில் பாதிகூட ஒலிக்குக் கிடைக்கவில்லை. அது பெரும் பிழை என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்தத் தொழிலுக்குப் பல்கலைக்கழகம் தேவையா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கருவிகளைச் சில வாரங்களில் பழகிவிடலாம். நான் அன்று கற்ற மென்பொருள் இப்போது என் மேசையில் இல்லை. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் தவறு செய்தால், ஏன் தவறென்று விளக்க யாருக்கும் நேரமிருக்காது; அடுத்த படத்துக்கு வேறொருவரை அழைத்துக்கொள்வார்கள். அந்த வகுப்பிலோ 18 பேர் இருட்டில் உட்கார்ந்து என் ஃப்ரிட்ஜ் இரைச்சலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு மணி நேரம் பேசினார்கள்.

சென்ற வாரம் ஒலிப்பதிவுக்கு ஆள் வராமல் நானே படப்பிடிப்புக்குப் போயிருந்தேன். காட்சி முடிந்ததும் எல்லோரும் விளக்குகளைக் கழற்றத் தொடங்கினார்கள். “முப்பது வினாடி கொடுங்கள்” என்று கையை உயர்த்தினேன். விளக்கைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். கோலைப் பிடித்திருந்த புதுப் பெண் என்னைப் பார்த்தாள். காதைத் தொட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.