ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் என் முதல் மாதம்

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த அக்கா பையன், சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு போனில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். வேறு ஒன்றும் இல்லை. திரையில் ஒரு ஆள், ஒரு கோடாலி, ஒரு மரம். மரம் விழுந்ததும் பக்கத்து மரத்தை ஒரு தட்டு தட்டுவான், மறுபடியும் வெட்டும். அரை மணி நேரம் இப்படியே.

"என்னடா இது, மரம் வெட்டுறதெல்லாம் ஒரு கேமா?"

"மாமா, லெவல் 92 வந்துட்டேன். பாதி முடிஞ்சுது."

"மொத்தம் எத்தன லெவல்?"

"99."

92 எப்படிடா 99இல் பாதி ஆகும், கணக்குல பாஸ் பண்ணியா இல்லையா என்று கேட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். இந்த விளையாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு 7 லெவலுக்கும் தேவைப்படும் அனுபவப் புள்ளி இரட்டிப்பாகும். 99 வர 1,30,34,431 புள்ளி வேண்டும், 92க்கு 65,17,253. அதாவது 92 வரை வெட்டியதை எல்லாம் இன்னொரு தடவை வெட்டினால்தான் மிச்சம் 7 லெவல் கிடைக்கும். இப்படி ஒரு கொடுமையை யோசித்து வைத்தவன் யார் என்ற ஆர்வத்தில்தான் அன்று ராத்திரியே நானும் இறக்கிப் பார்த்தேன். எனக்கு வயது 41. கடைசியாக ஒழுங்காக விளையாடிய கேம், பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடியது.

அவன் ஆடியது ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப், ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு. அதற்கு மூலமான ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் என்ற மாணவர் தன் சகோதரர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது, பிறகு கேம்பிரிட்ஜில் ஜாகெக்ஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2012இல் சண்டை போடும் முறையையே தலைகீழாக மாற்றினார்கள், பழைய ஆட்களில் நிறையப் பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது நிறுவனத்தில் பழைய பதிப்பு ஒன்று, 2007 ஆகஸ்ட் மாதத்து நகல், பத்திரமாகக் கிடந்திருக்கிறது. அதைத் திரும்பத் திறக்கலாமா என்று 2013 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு வைத்தார்கள், 4 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது, திறந்துவிட்டார்கள். அதுதான் ஓல்டு ஸ்கூல். இன்றைக்கும் பெரிய மாற்றம் எதுவானாலும் ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டால்தான் உள்ளே வரும், முன்னே 75 சதவீதம் வேண்டும், இப்போது 70. மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது என்று 23 திறன்கள் இருந்த இடத்தில் 2025இல் கப்பலோட்டம் 24ஆவதாக வந்ததும் அப்படித்தான். இந்த ஓட்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம் தெருவில் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்றுகூட நம்மை யாரும் கேட்பதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். இவ்வளவு பழைய ஊருக்குள் புதிதாகக் குடிவந்தால் முதல் பிரச்சினையே பெயர்தான். 12 எழுத்துக்குள் ஒரு பெயர் வேண்டும். முருகன் என்று போட்டால் எவனோ எடுத்துவிட்டான். மாரி? எடுத்தாச்சு. பாட்டியின் பெயரைப் போட்டேன், அதையும் எடுத்துவிட்டார்கள், யார் எடுத்திருப்பார்கள் என்று இன்றுவரை யோசிக்கிறேன். கடைசியில் எங்கள் ஊர்ப் பெயரோடு ஊருக்கு வரும் டவுன் பஸ் நம்பரைச் சேர்த்தேன், கிடைத்தது.

முதலில் ஒரு பயிற்சித் தீவு. இறால் பிடி, சுடு, மாவு பிசைந்து ரொட்டி செய், செம்பும் தகரமும் வெட்டி உருக்கிக் குத்துவாள் அடி, ஒரு பெரிய எலியைக் கொல், கோழி மேல் மந்திரம் விடு. இதெல்லாம் ஆனதும் லம்பிரிட்ஜ் என்ற ஊரில், கோட்டை வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். எங்கே போ, என்ன செய் என்று கையைப் பிடித்து இழுக்கிறவர் யாரும் இல்லை. இப்போதைய போன் கேம்களில் திரை முழுக்க அம்புக்குறி மினுக்கிக்கொண்டே இருக்குமே, அந்த நச்சரிப்பு இல்லை. எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. சுற்றிலும் தங்கக் கவசமும் நெருப்பு அங்கியுமாகப் போகிறார்கள், வருகிறார்கள், நான் மட்டும் வெண்கலக் குத்துவாளோடு கல்யாண மண்டபத்தில் தப்பான பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி நிற்கிறேன்.

கோட்டைக்குள் சமையலறையில் ஒரு சமையல்காரர் புலம்பிக்கொண்டிருந்தார். பிரபுவுக்குப் பிறந்தநாள், கேக் செய்ய வேண்டும், முட்டை, பால், மாவு மூன்றும் இல்லை. உலகத்தைக் காப்பாற்று, அசுர அரசனைக் கொல் என்றெல்லாம் இல்லாமல் முட்டை வாங்கிட்டு வா என்று சொன்ன இடத்தில்தான் நான் விழுந்தேன். முட்டை சுலபம், கோழிப் பண்ணையில் தரையிலேயே கிடக்கிறது. பாலும் பரவாயில்லை, வாளியோடு போய்க் கறவை மாட்டைத் தொட்டால் கறந்துவிடும். மாவுதான் வேலை வைத்தது. வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் உச்சி மாடிக்கு ஏறி, அங்கே உள்ள தொட்டியில் போட்டு, நெம்புகோலை இழுத்து, திரும்பக் கீழே இறங்கினால் மாவு விழுந்திருக்கும். விழுந்திருந்தது. ஆனால் அள்ளிக்கொள்ளப் பானை வேண்டும். பானை எங்கே இருக்கிறது? சமையல்காரர் மேஜை மேல். அவர் கண்ணெதிரில் இருந்த பானையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஓட்டம் ஓட்டமாகக் கோட்டைக்குப் போய் (பாதி வழியில் தெம்பு தீர்ந்து நடந்து) பானையோடு திரும்பினேன். ரேஷன் கடையில் வரிசையில் நின்று, நம் முறை வந்ததும் பையைக் கொண்டுவரவில்லை என்று தெரியுமே, அச்சு அசல் அதே உணர்வு.

முடித்ததும் அக்கா பையனுக்குப் பெருமையாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். அவன் பதிலுக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். எந்த க்வெஸ்ட் (கேக் வேலை மாதிரி ஒரு பணி) முதலில், எது அடுத்து, எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று 200 வரி. "மாமா, கோழி அடிச்சு லெவல் ஏத்தாத, அது வேஸ்ட். காசு கட்டி மெம்பர்ஷிப் வாங்கு, அருவி க்வெஸ்ட்ட முடி, ஒரே அடியில தாக்குதலும் பலமும் 30 ஆயிடும்." அவன் சொன்னது உண்மைதான். ஒரே க்வெஸ்டில் இரண்டு திறன்களுக்கும் தலா 13,750 புள்ளி. வழியில் ராட்சதர்கள் நம்மை ஒரே அடியில் சாய்ப்பார்கள், ஆனால் நேராக ஓடிவிட்டால் சண்டையே போடாமல் முடித்துவிடலாமாம். 20 வருஷமாக லட்சக்கணக்கான பேர் நடந்து நடந்து தேய்த்த பாதை, அதில் கணக்குப் போடாத மூலை எதுவும் பாக்கி இல்லை.

இரண்டு நாள் அந்த ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தேன். ஆபீஸ் வேலை மாதிரியே இருந்தது. ஒரு வரி முடி, டிக் போடு, அடுத்த வரி. மூன்றாம் நாள் ஷீட்டை மூடிவிட்டேன். விக்கி மட்டும் வைத்துக்கொண்டேன், அதுவும் எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால் மட்டும். இதில் அவனுக்கும் எனக்கும் இன்னும் தகராறுதான். அவன் பார்வையில் நான் நேரத்தை வீணாக்குகிறேன். என் பார்வையில், ஒருநாள் இரண்டுநாள் இல்லை, பல வருஷம் முன்னால் கிளம்பிவிட்டவர்களை எட்டிப்பிடிக்க நான் எதற்கு ஓட வேண்டும்?

அதனால் நான் போய் மாடு அடித்தேன். லம்பிரிட்ஜுக்கு வடகிழக்கே ஒரு மாட்டுத் தொழுவம், புது ஆட்கள் எல்லாரும் அங்கேதான். ஊரில் மாட்டுப்பொங்கல் முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை, நான் இங்கே இப்படி. வீட்டில் சொல்லவில்லை. தோலை எடுத்துக்கொண்டு கோட்டை உச்சி மாடியில் இருக்கும் பேங்கில் போடுவேன், திரும்ப வருவேன். உடனே விற்கவும் விடமாட்டார்கள். தானாக ஓடும் பாட் கணக்குகளின் தொல்லை தாங்காமல், புதுக் கணக்குக்கு 20 மணி நேர ஆட்டம், க்வெஸ்ட் முடித்தால் கிடைக்கும் புள்ளி 10, மொத்த லெவல் 100 ஆகும் வரை பல பொருட்களைச் சந்தையில் விற்கத் தடை. ஆகவே சேர்த்தேன். 300 தோலுக்கு மேல்.

தடை நீங்கிய அன்று 28 தோலைப் பையில் அடைத்துக்கொண்டு வாராக் நகரச் சந்தைக்குக் கிளம்பினேன். பையில் 28 இடம்தான். நகரத்துக்குத் தெற்கே கல் தூண்களுக்கு நடுவில் கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதிகள் சும்மா உலாத்திக்கொண்டிருந்தார்கள். நானும் நம்மை என்ன செய்யப்போகிறார்கள் என்று நடுவில் நடந்தேன். நாலே அடி. செத்தபின் ஒரு இருட்டு அறை, உள்ளே மேஜை போட்டு எமன் உட்கார்ந்திருக்கிறார், தாலுகா ஆபீஸ் தோரணையில் விதிகளைச் சொல்கிறார்: விலை உயர்ந்த மூன்று பொருள் உன்னோடு வரும், மற்றது கல்லறையில் 15 நிமிடம் இருக்கும், அதற்குள் போய் எடுத்துக்கொள். ஓடினேன். கல்லறைக்குப் பக்கத்திலேயே அந்த மந்திரவாதிகள் நிற்கிறார்கள். எடுத்தேன், இரண்டு அடி வாங்கினேன், தப்பித்தேன். இப்படியே இன்னும் பத்துப் பன்னிரண்டு நடை போக வேண்டுமே என்று அக்கா பையனிடம் அழுதேன்.

"மாமா, பேங்க்ல நோட்டா எடுக்க வேண்டியதுதான?"

பேங்கில் இருந்து எடுக்கும்போது ஒரு பட்டனைத் தட்டினால் பொருளுக்குப் பதில் சீட்டு தருவார்கள். 300 தோலும் ஒரே இடத்தில் அடங்கும். சந்தையில் சீட்டையே வாங்கிக்கொள்வார்கள். எனக்கு யார் சொன்னார்கள்?

தோல் விற்ற காசோடு சந்தையில் நின்றபோது ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்: கொடுக்கிற காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன். 500 கொடுத்தேன், 1,000 வந்தது. 2,000 கொடுத்தேன், 4,000 வந்தது. 15,000 கொடுத்தேன், ஆளைக் காணோம். ஈமு கோழி வந்து போன நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். சீட்டுக் கம்பெனியில் பணம் போட்ட பெரியப்பாவை இன்றுவரை கிண்டல் செய்கிறவன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதே இடத்தில், பேசாமல் நின்றிருந்த இன்னொருவர் என் பக்கத்தில் வந்து ஒரு முழு எஃகுக் கவசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், எனக்கும் 2006இல் ஒருவர் கொடுத்தார் என்றார். அவருக்கு அப்போது என்ன வயதோ.

இங்கிருந்து ஆடினால் நெட் இழுக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். நான் ஆடும் சர்வர் பிரிட்டனில் இருக்கிறது, ஆனால் இந்த விளையாட்டின் கடிகாரமே 0.6 வினாடிக்கு ஒரு துடிப்புதான். நாம் என்ன தட்டினாலும் அடுத்த துடிப்பில்தான் நடக்கும். துப்பாக்கிச் சண்டைக் கேம்களில் உயிரை எடுக்கும் பிங், அதாவது நெட் தாமதம், இங்கே பெரிதாக உறைப்பதில்லை. மின்சார ரயிலில் நின்றுகொண்டே ஆடுகிறேன், சிக்னல் போய் வந்தாலும் மரம் எங்கேயும் ஓடிவிடாது. காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன், இலவசமாகவே 15 திறன் உண்டு, உலகத்தில் ஒரு மூலை முழுக்கச் சுற்றலாம். இன்னும் ஒரு ரூபாய் கட்டவில்லை நான்.

இப்போது இலக்கு டிராகன். அந்த க்வெஸ்டை ஆரம்பிக்கவே 32 க்வெஸ்ட் புள்ளி வேண்டும், சேர்த்துவிட்டேன். டிராகன் நெருப்பைத் தாங்கும் கேடயமும் வந்துவிட்டது. சண்டைக்கு நடுவில் சாப்பிடச் சிங்கி இறால் வேண்டும் என்றார்கள். கடையில் வாங்கலாம். நான் பிடிக்கப் போனேன். மீன்பிடி லெவல் 40 வந்தபின், போர்ட் சாரிமில் 30 காசு கொடுத்துக் கப்பல் ஏறி கரம்ஜா தீவு, அங்கே கூண்டு போட்டால் சிங்கி விழும். பையின் 28 இடத்தில் கூண்டுக்கு ஒன்று, திரும்பி வரும் கப்பல் காசுக்கு ஒன்று, ஆக ஒரு நடைக்கு 26 சிங்கி. திரும்பும்போது சுங்க அதிகாரி சாராயம் கடத்துகிறாயா என்று சோதனை வேறு போடுவார்.

நேற்று ராத்திரி அக்கா பையன் கேட்டான், டிராகனை அடிச்சாச்சா என்று. லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையலறையில், அதே சமையல்காரர் பக்கத்தில், அடுப்பில் நின்றுகொண்டிருந்தேன். கேக்குக்கு உதவியதால் அவர் அடுப்பை நான் பயன்படுத்தலாம். 26 சிங்கியில் 14 கருகிவிட்டது. மறுபடியும் கப்பலுக்குப் போகிறேன் என்று பதில் போட்டேன்.