துறப்பணம் போகாத மூலை

எங்கள் கல்லூரி மரவேலை அறையைப் பற்றிப் பழைய மாணவர் சங்க மலரில் ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை. பிக் மட்ச் வரும், விடுதிச் சாப்பாடு வரும், சாரணர் பாசறை வரும். நான் ரொறொன்ரோவில் குசினி அலுமாரி செய்து பூட்டித்தான் சீவிக்கிறேன், அந்தத் தொழிலின் முதல் எழுத்து அந்த அறையில் படித்தது, ஆகவே துறப்பணம், அதாவது துளைபோடும் கருவி, போகாத ஒடுங்கிய மூலையில் துளைபோடுவது பற்றி இந்த முறை நானே எழுதித் தருகிறேன் என்று மலர்க்குழுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

1990 நடுப்பகுதியில், போர் காரணமாக, யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எங்கள் வகுப்பு சாதாரண தரப் பரீட்சை எடுத்து முடிக்கும்வரை அது திரும்பி வரவில்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் சீமெந்துக்கும் தடை இருந்த காலத்தில் மின் துறப்பணத்துக்கு எங்கே போவது? வாள், உளி, சீவுளி, மூலைமட்டம், பிறகு கையால் வளைத்துச் சுழற்றுகிற பிரேஸ். எல்லாமே கைவேலை. அதனால் ஒவ்வொரு துளைக்கும் கை எவ்வளவு இடம் கேட்கிறது என்பது உடம்பிலேயே பதிந்துவிட்டது. இங்கே பற்றரித் துறப்பணத்தோடு தொழில் பழகிய பெடியளுக்கு இதை விளங்கப்படுத்தக் கனநேரம் எடுக்கும்.

சாதாரண பிரேஸின் பிடி ஏறக்குறைய 10 அங்குல வட்டம் போடும். அலுமாரியின் உள்மூலையில் அந்த வட்டம் போட முடியாது, பலகை கையை மறிக்கும். எங்கள் அறையில் இருந்தவற்றில் ஒன்றில் மட்டும் கிளிக் கிளிக் என்று சத்தமிடும் ராட்செற் இருந்தது. கால்வட்டம் முன்னுக்குத் திருப்பி, பின்னுக்கு எடுத்து, மறுபடி கால்வட்டம். நுனி முன்னோக்கி மட்டும்தான் சுழலும். பிரேஸில் மாட்டித் துளைக்கும் ஓகர் நுனியின் மூக்கில் சின்னத் திருகாணி மாதிரி ஒன்று இருக்கும், அது மரத்தைக் கவ்வித் தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆகவே உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்த வழியில்லாத மூலையிலும் துளை போகும். மறுபக்கத்தில் மூக்கு எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அங்கிருந்து துளைத்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை சிலும்பும். கடினமான முதிரைப் பலகையில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தோள்மூட்டு இன்றைக்கும் சாட்சி சொல்லும்.

ஆனால் எங்களுக்கு மரவேலை படிப்பித்த சேர் அந்த ராட்செற்றைச் சுலபத்தில் கையில் தரமாட்டார். "தம்பி, பெட்டியைப் பூட்ட முதல் உன்ர கை எங்க போகும் எண்டு பார்" என்பார். பலகைகளைப் பெட்டியாகப் பொருத்திப் பூட்டிய பிறகு துளைக்கப் போகிறவன் மரத்தோடு சண்டை பிடிக்கிறான் என்பது அவருடைய எண்ணம். நான் தொழிலுக்கு வந்த பிறகு அதைவிடப் பெரிய பாடம் எதையும் யாரிடமும் கேட்கவில்லை.

12 அங்குல அகல அலுமாரி ஒன்றை எடுங்கள். இரண்டு பக்கமும் முக்கால் அங்குலப் பலகை போனால் உள்ளே 10½ அங்குலம். துறப்பணமும் நுனியும் சேர்ந்தால் அந்த இடம் நிரம்பிவிடும், நேராகப் பிடிக்க வழியில்லை. சரித்துப் பிடித்துத் துளைத்தால் திருகாணி பலகையின் முகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அல்லது தலை சரியாக உட்காராது. ஆகவே பக்கப் பலகை மேசையில் படுத்துக் கிடக்கும்போதே எல்லாத் துளையையும் போட்டுவிடுங்கள். கதவு திரும்பும் பிணைச்சலைத் (கீல்) தாங்கும் தட்டுக்கு முன்விளிம்பிலிருந்து 37 மில்லிமீற்றர் உள்ளே, 32 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளை. கதவில் பிணைச்சல் கிண்ணத்துக்கு 35 மில்லிமீற்றர் துளை. லாச்சி (இழுப்பறை) ஓடும் தண்டவாளத்தின் துளைகளும் அப்போதே. பெட்டியை நிமிர்த்திய பிறகு லாச்சித் தண்டவாளம் பூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே மனம் பொறுக்காது.

சில இடங்களில் வேறு வழியில்லை, அதுவும் சரி. அதற்கு 90 பாகை திரும்பிய தலை விற்கிறார்கள், துறப்பணத்தில் மாட்டிக் குட்டை நுனி போட்டால் சில அங்குல இடமே போதும். விலை அதிகமில்லை, ஆனால் மலிவானவற்றில் பல்லுச் சக்கரம் சீக்கிரம் தேயும், நல்லதாக ஒன்று வாங்குங்கள். ஒரு பலகையின் முகத்திலிருந்து 15 பாகை சரிவில் துளைத்து, அதன் வழியே மற்றப் பலகைக்குள் திருகாணி செலுத்தும் பொக்கெற் துளையும் நல்ல வழி. அதை அடித்தட்டின் கீழ்ப்பக்கத்தில் போட்டால் திருகுவதற்குப் பெட்டிக்குள் கையே போகத் தேவையில்லை, அலுமாரியின் அடியை மூடும் கால்பலகை பிறகு மறைத்துவிடும். முக்கால் அங்குலப் பலகைக்கு 1¼ அங்குலத் திருகாணி. ஒட்டுப்பலகைக்குப் புரி பரும்படியாகவும், தேக்கு மாதிரிக் கடின மரத்துக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். கடின மரத்தில் முன்துளை போடாமல் திருகவே கூடாது, திருகாணியில் கொஞ்சம் மெழுகுதிரி தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

பக்கத்துப் பக்கத்து அலுமாரிகளை இணைக்கும்போது அகலமான பெட்டிக்குள் நின்று துளையுங்கள். கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, பிணைச்சல் தட்டு மறைக்கிற இடத்தில் திருகாணியைக் கொடுத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பலகையிலும் துளைத்து மரக்குச்சி செருகி மூட்டு போடுகிறவர்களுக்கு சேரின் ஒரு கைவேலை இருக்கிறது: ஒரு பலகையில் சின்ன ஆணி அடித்துத் தலையை வெட்டிவிட்டு மற்றப் பலகையை அதன்மேல் வைத்து அழுத்தினால் எதிர்த் துளையின் நடுப்புள்ளி அப்படியே பதியும். பிறகு ஆணியைப் பிடுங்கிவிட்டு இரண்டு புள்ளியிலும் துளைக்க வேண்டியதுதான். அளவுகோல் நுழையாத இடத்தில் இதைப்போலத் துல்லியம் வேறெதிலும் கிடைக்காது.

சங்கம் மரவேலை அறைக்கு வேலைக் கருவிகள் அனுப்புவது பற்றிக் கதைக்கிறது என்று அறிந்தேன். மிகவும் சந்தோஷம். ஒரு விடயம் மட்டும் கவனியுங்கள், கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், ஊரில் 230. இங்கே வாங்குகிற பற்றரிச் சார்ஜர் பெரும்பாலும் அங்கே வேலை செய்யாது, எரிந்தும் போகலாம். பற்றரித் துறப்பணங்களை ஊரிலேயே வாங்கிக் கொடுங்கள். ராட்செற் பிரேஸ், ஓகர் நுனிகள், 90 பாகைத் தலைகள், நல்ல கிளாம்ப், இவற்றுக்கு மின்சாரப் பிரச்சினை இல்லை, இங்கிருந்தே அனுப்பலாம். பழைய பிரேஸ்களைக் கராஜ் சேல்களில் பார்த்துப் பொறுக்கி, துருவை எடுத்து, எண்ணெய் போட்டு நானே தயார்செய்து தருகிறேன். பெட்டி எப்போது கப்பலுக்குப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.