பொச்சாப்பு: மறதி என்று மட்டும் படித்துவிடாதீர்கள்

குரூப் 4 தேர்வுக்கு முதல்முறை படித்தபோது, திருக்குறள் சொற்பொருளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி உருப்போட்டேன். அதில் ஒரு வரி, 'பொச்சாப்பு - மறதி'. மாதிரித் தேர்வு ஒன்றில் மறவி, மடி, பொச்சாப்பு மூன்றையும் பொருத்தச் சொன்னார்கள். பொச்சாப்புக்கு மறதியைப் போட்டேன். மறவிக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்று இரவுதான் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமையை முழுதாகப் படித்தேன். முதல் குறளிலேயே விடை இருந்தது: "இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு." அளவுகடந்த கோபத்தைவிடக் கெட்டது, மிகுந்த மகிழ்ச்சியில் வரும் சோர்வு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தைய மாதிரித் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்த சந்தோஷத்தில், இரண்டு வாரம் தமிழ்ப் புத்தகத்தைத் தொடாமல் இருந்திருந்தேன். மறக்கவில்லை, சோம்பலும் இல்லை. 'தமிழ் நமக்கு வந்துவிட்டது' என்ற மிதப்பு. அதற்குத்தான் பொச்சாப்பு என்று பெயர்.

605ஆம் குறளை இதோடு சேர்த்துப் படியுங்கள்: "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்." நெடுநீர் என்றால் காலம் தாழ்த்துவது, மறவி மறதி, மடி சோம்பல், துயில் தூக்கம்; இந்த நான்கும் கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என்கிறது குறள். பொச்சாப்பு இந்த வரிசையில் இல்லை. அதற்குத் தனி அதிகாரமே இருக்கிறது. செய்ய வேண்டியது தெரிந்தும், எல்லாம் நன்றாகத்தானே போகிறது என்று கடமையைக் கைநழுவ விடுவது அது. இன்றைய பேச்சில் 'மெத்தனம்' என்கிறோமே, அது இதற்கு மிக நெருக்கம் என்பது என் எண்ணம்.

அதற்காக 'மறதி' தவறான பொருளும் அல்ல. 199ஆம் குறளில் "பொச்சாந்தும் சொல்லார்" என்றால் மறந்தும் சொல்லமாட்டார் என்றே பொருள். கள்ளாமை அதிகாரத்தில், 285ஆம் குறளில், "பொருள்கருதிப் பொச்சாப்புப் பார்ப்பார்" வருகிறார்கள்: அடுத்தவர் எப்போது அசருவார் என்று காத்திருக்கும் திருடர்கள். காவலில் விழும் ஓட்டையைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை.

அதனால் சொற்பொருளைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், பக்கத்திலேயே குறள் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் இப்போது இந்தச் சொல்லுக்கு நேரே 199, 285, 532 என்று இருக்கிறது. தேர்வில் விடைகளில் 'சோர்வு' இல்லாமல் 'மறதி' மட்டும் இருந்தால், தயங்காமல் அதையே குறியுங்கள்; இரண்டும் இருந்தால் எந்தக் குறளைக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.