ஃபியூஸ் தேடிய படலம்

இந்த வீட்டுக்கு மொசைக் தரை போட்ட தாத்தாவை நேற்று மாலை முழுவதும் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக்கல் பதித்த தரையில், 1.6 மில்லிமீட்டர் நீளமும் அதில் பாதி அகலமும் உள்ள ஒரு வெள்ளை ஃபியூஸைத் தேடிப் பார்த்தால்தான் என் கோபம் புரியும்.

எல்லாம் அக்கா பையனின் நின்டெண்டோ டிஎஸ் லைட் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியால் வந்தது. 2006இல் வெளிவந்த ரகம்; பையனைவிட மூத்தது. சிங்கப்பூர்ச் சித்தப்பா, தம் மகன்கள் ஆடிச் சலித்ததைக் கொடுத்தனுப்பினார். சார்ஜர் மட்டும் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டது. அது 5.2 வோல்ட் சார்ஜர். அதனால் என்ன என்று அத்தான் தம்முடைய சார்ஜரை எடுத்தார். ராவணனைப் போல அதற்குப் பத்துத் தலை; 3 முதல் 12 வோல்ட் வரை திருகிக்கொள்ளலாம். துளைக்குள் நுழைந்துவிட்டால் அது சார்ஜர்தான் என்பது அத்தானின் கொள்கை. செருகினார். உள்ளேயிருந்த ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து மற்ற சில்லுகளைக் காப்பாற்றியது. "பழைய சாமான், அப்படித்தான் இருக்கும்" என்று அத்தான் சாப்பிடப் போய்விட்டார்.

தலையில் மூன்று இறக்கை வடிவப் பள்ளம் உள்ள திருகாணிகளைக் கழற்றி, ஃபியூஸில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 'பீப்' என்ற சத்தம் வரவில்லை; ஃபியூஸ் போய்விட்டது. ஒரு செப்புக் கம்பி இழையைக் குறுக்கே போட்டுப் பற்றவைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். அத்தான் வந்து போகும் வீட்டில் ஃபியூஸ் இல்லாமல் வாழ முடியாது. அடுத்த முறை மின்சுற்றுப் பலகையே கருகிவிடும். ஆகவே செல்போன் ரிப்பேர் கடைப் பையனிடம் கெஞ்ச, ஃபியூஸ்கள் வரிசையாக அடைத்து வரும் காகித நாடாவிலிருந்து ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்தான்.

இந்தப் பலகையில் இருந்தது ஈயமில்லாப் பற்றாசு (சால்டர்). 217 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் இளகும். அதன்மேல் நம் பழைய ஈயக் கம்பியைக் கொஞ்சம் உருக்கிக் கலந்தால் சீக்கிரம் வழிக்கு வரும். கருகியதை எடுத்துவிட்டேன். பற்றவைக்க உதவும் பேஸ்ட் தடவி, புதிய ஃபியூஸை வெள்ளைத் தாளில் வைத்து, ட்வீசரை எடுக்கத் திரும்பினேன். மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பெற்ற வயிறு பொறுக்குமா? அம்மா வந்து, "ஏன்டா இப்படி வேகிறாய்?" என்று விசிறியை ஐந்தில் வைத்தாள்.

தாள் பறந்தது. ஃபியூஸும்.

பெருக்கிப் பார்க்கலாம் என்றால், விளக்கு வைத்தாகிவிட்டதாம், லட்சுமி கோபித்துக்கொள்வாளாம். எனவே குடும்பமே டார்ச் விளக்கோடு தரையில் தவழ்ந்தது. அக்கா காந்தம் கொண்டுவந்தாள். அதில் ஹேர்பின்களும் ஒரு குண்டூசியும் ஒட்டின. அத்தான் நாற்காலியில் அமர்ந்து, காற்று எந்தத் திசையில் அடித்திருக்கும் என்று ஆய்வு செய்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சர்க்கரை வாங்க வந்து, என்ன தேடுகிறோம் என்று கேட்காமலேயே குனிந்து தேடத் தொடங்கினார்.

பீரோவுக்கு அடியில், சுவரோரப் பிளவில் ஏதோ மின்னியது. நகத்தால் நெம்பினேன். ஃபியூஸ் இல்லை, அம்மாவின் மூக்குத்தித் திருகாணி.

வீடே கூவியது. அம்மா அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, "அப்படியானால் வசந்தா எடுக்கவில்லை" என்றாள்.

யாருமே அப்போது எடுத்தாய் என்று சொல்லவில்லைதான். "நீ பார்த்தாயா, நன்றாக யோசித்துப் பார்" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள், அவ்வளவுதான். பாத்திரத்தை முழுவதும் துலக்கிக் கவிழ்த்துவிட்டுப் போன வசந்தா மறுநாள் வரவில்லை. அந்த மாதச் சம்பளத்தைக்கூட வாங்க வரவில்லை.

இஸ்திரிக்காரரிடம் விசாரித்ததில், அவள் குடும்பம் இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறதாம். போன் எண் வாங்கித் தருகிறேன் என்றேன். "இதையெல்லாம் போனிலா சொல்வார்கள்?" என்று அம்மா சீறினாள். அந்த மாதச் சம்பளத்தைத் தனி உறையில் போட்டிருக்கிறாள். ஒரு புடவையும் எடுத்து வைத்திருக்கிறாள். பீரோவில் இருந்ததல்ல, புதியது.

அக்கா பையன் காலையிலிருந்து, "மாமா, ஃபியூஸ்?" என்று கேட்டபடி இருக்கிறான். பெரும்பாக்கம் போய் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டேன். வசந்தா எங்களை உள்ளே விடுவாளா என்று எனக்குச் சந்தேகம். அம்மாவுக்கும் இருக்கிறது போலும். "நீ முதலில் போய்க் கதவைத் தட்டு, நான் பின்னால் நிற்கிறேன்" என்கிறாள்.